யப்பான் மீனின் வேறு வழி

அந்த வருடங்களில் எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் காலையில் யாரும் யாரையும் சுகமா என்று கேட்பதில்லை. "பாதை திறந்திருக்கா?" என்றுதான் கேட்பார்கள். வேலியால் எட்டிப் பார்த்துக் கேட்பார்கள். கிணற்றடியில் நின்று கேட்பார்கள். சைக்கிளை நிறுத்தாமலே கேட்டுவிட்டுப் போவார்கள்.

தன்னாமுனையிலிருந்து வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்துக்கு நான் சைக்கிளில் போய்வந்த காலம் அது. நேர் பாதையால் போனால் அவ்வளவு தூரமில்லை. ஆனால் நேர் பாதை என்பது பெயருக்குத்தான். எங்காவது ஓரிடத்தில் ஆமிக்காரர் முள்ளுக்கம்பியை இழுத்துப் பூட்டியிருப்பார்கள். பூட்டிவிட்டார்கள் என்று யாரும் வீட்டுக்குத் திரும்பியதில்லை. வயல் வரம்பில் இறங்கிச் சுற்றிப் போவோம். அதுவும் சரிவராவிட்டால் வாவிக்கரைக்குப் போய்த் தோணி பிடிப்போம். ஒரு பாதை பூட்டினால் இன்னொன்று எங்கோ இருக்கும் என்பதை நாங்கள் யோசித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அது உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், என் கூட்டாளி ஒருத்தியின் வாழ்க்கை திசைமாறியது இந்தப் பழக்கத்தால்தான். குண்டாலோ துவக்காலோ அல்ல. அதனால் அவளுடைய கதையை யாரும் போர்க்கதை என்று எண்ணுவதில்லை. எனக்கு அதில் இன்னமும் கோபம் உண்டு.

அவள் சித்தாண்டிக்காரி. இருவரும் ஒரே வகுப்பில் விலங்கியல் படித்தோம். பிறகு ஒரே ஆய்வுகூடத்தில் உதவி விரிவுரையாளர்களாகச் சேர்ந்தோம். மனிதரிடம் அவளுக்குத் துளியும் பொறுமை கிடையாது. யாராவது இழுத்து இழுத்துக் கதைத்தால், "விசயத்துக்கு வாங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். ஆனால் நுணுக்குக்காட்டியின் முன்னால் உட்கார்ந்தால் அவளை எழுப்ப முடியாது. நான் பத்துத் தடவை பார்த்தும் காணாததை அவள் ஒரே பார்வையில் கண்டுவிடுவாள். அப்படிப்பட்ட கண் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எனக்கு வாய்க்கவில்லை என்பதால் எனக்கு அதன் அருமை தெரியும்.

எங்களுக்குப் படிப்பித்த சேர் ஒருவர் அப்போது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருந்தார். அவர் ஊருக்கு வந்த ஒருவரிடம் இரண்டு சிறிய கண்ணாடிப் போத்தல்களைக் கொடுத்துவிட்டு, அவளுக்கு ஒரு செய்தியும் சொல்லி அனுப்பினார். இந்த இரண்டையும் வைத்து உங்கள் வாவி மீனில் ஒரு சின்னப் பரிசோதனையைச் செய்து, படங்களோடு எழுதி அனுப்பு. வேலை சுத்தமாக இருந்தால் இந்த வருடமே கலாநிதிப் பட்டத்துக்கு இங்கே எடுப்பிக்கிறேன். இதுதான் செய்தி.

அவளுடைய வீட்டில் அப்போது கலியாணப் பேச்சு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. வயதுக்கு வந்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு எந்தத் தாய்தான் அந்த நாட்களில் நிம்மதியாக நித்திரை கொண்டாள்? அவள் தாயோடு சண்டை போட்டு ஒரு வருடத் தவணை வாங்கினாள். அந்த வருடத்துக்குள் வெளிநாட்டு இடம் கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் மூச்சுக் காட்டாமல் மணவறையில் குந்தவேண்டும். இது தாய்க்கும் மகளுக்கும் நடந்த ஒப்பந்தம். எனக்கு இரண்டு பக்கத்தாரையும் தெரியும், இரண்டு பக்கமும் சொன்னதை நிறைவேற்றக்கூடியவர்கள்.

பரிசோதனை விளங்குவதற்குக் கொஞ்சம் மீனைப் பற்றிச் சொல்லவேண்டும். வாவியில் பிடிக்கும் யப்பான் மீனின், அதாவது திலாப்பியாவின், செதில் ஒன்றைப் பிடுங்கி, உப்புக் கரைசலில் போட்டு, நுணுக்குக்காட்டியில் வைத்தால், கைகளை விரித்துக்கொண்டிருக்கும் கறுப்புக் கலங்கள் தெரியும். கறுப்புத் துணிக்கைகள் அந்தக் கைகள் முழுக்கப் பரவியிருந்தால் மீன் கறுப்பாக இருக்கும். அவையெல்லாம் நடுவுக்கு ஓடிப் புள்ளியாகிவிட்டால் மீன் வெளிறிப்போகும். மீன் பயந்தால் அதுதான் நடக்கிறது. அட்ரினலின் வந்து கலத்தின் வெளிப்புறத்தில் தட்டுகிறது. உள்ளே, கறுக்கச் சொல்லும் செய்தி அடங்கிப்போகிறது. துணிக்கைகள் சுருண்டு நடுவுக்கு வருகின்றன.

உள்ளே அந்தச் செய்தி யார் யார் கைமாறிப் போகிறது என்பதை எந்த நுணுக்குக்காட்டியாலும் பார்க்க முடியாது. அதற்குத்தான் சின்னஞ்சிறிய மூலக்கூறுகளைக் கருவியாகப் பாவிக்கிறார்கள். ஒவ்வொன்றும் கலத்துக்குள் புகுந்து, அந்த வரிசையில் நிற்கும் ஓர் ஆளைத் தட்டி எழுப்பும், அல்லது மறித்துப் பிடிக்கும். ஒருவரை மறித்துவிட்டு, எந்த வேலை நடக்காமல் போகிறது என்று பார்த்தால், அவர் யார் என்பது தெரிந்துவிடும். மனிதர் இல்லாமல் போனபிறகுதான் அவர் செய்த வேலை தெரியும் என்பது எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கவேண்டிய விசயமல்ல.

சேர் அனுப்பியதில் ஒன்று போர்ஸ்கோலின். எங்கள் வீட்டுக் கோடியில் நிற்கும் கற்பூரவள்ளிக்கு உறவான ஒரு செடியின் வேரிலிருந்து வருவது. வெளியே யாரும் தட்டாமலே உள்ளே அந்தக் கறுக்கச் சொல்லும் செய்தியைக் காவுகிறவரை எழுப்பிவிடும். அதைப் போட்டால் பயந்து வெளிறிய செதிலும் கறுக்கும். மற்றது எச்-எண்பத்தொன்பது. அந்தச் செய்தியை வாங்கி வேலையில் இறங்கும் நொதியத்தை மறிப்பது. இரண்டாவதை முதலில் போட்டுவிட்டு, அதன் மேல் முதலாவதைப் போட்டால், செதில் கறுக்கக்கூடாது. கறுக்காவிட்டால் செய்தி அந்த நொதியத்தின் வழியாகத்தான் போகிறது என்று அர்த்தம். பரிசோதனை அவ்வளவுதான். கரண்ட் தேவையில்லை. நுணுக்குக்காட்டியின் அடியில் இருக்கும் கண்ணாடியைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தைப் பிடித்தால் போதும்.

அந்தச் சிறிய போத்தல்களுக்குத் தமிழில் குப்பி என்றுதான் பெயர். ஆனால் அந்தச் சொல்லை வாய் தவறியும் வெளியே சொல்லமாட்டோம். இயக்கப் பிள்ளைகள் கழுத்தில் தொங்கவிட்டிருந்த நஞ்சுக்கும் அதே பெயர். பஸ்ஸில் இரண்டு பெண்கள் குப்பி, குப்பி என்று கதைத்துக்கொண்டு போனால் அடுத்த சென்றியில், ஆமியின் காவலரணில், இறக்கிவிடுவார்கள். அதனால் அவள் பெயர் மாற்றினாள். எழுப்பும் போர்ஸ்கோலின் 'திறப்பு', சாவிக்கு எங்கள் சொல். மறிக்கும் மற்றது 'பூட்டு'. "பூட்டு பத்திரமாக் கிடக்கா கா?" என்று, எங்கள் பக்கத்துப் பெண்கள் தோழியை விளிக்கும் 'கா' போட்டு, சனத்துக்கு நடுவில் சத்தமாகக் கேட்பாள். காதில் விழுந்தவர்கள் வீட்டுக் கதவைப் பற்றி விசாரிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மீன் கொண்டுவருவது என் பொறுப்பு. எங்கள் ஊர்க் கரையில் மீன் விற்கும் ஒருவர் உயிருள்ள யப்பானாகப் பார்த்துத் தருவார். அதைத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்ரிக் கானில் விட்டு, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போவேன். சென்றியில் கானைத் திறந்து காட்டவேண்டும். ஒருநாள் ஆமிக்காரப் பொடியன் எட்டிப் பார்த்துவிட்டு, "லெட மாளு" என்று சிரித்தான். சிங்களத்தில் வருத்தக்கார மீன், நோய்பிடித்த மீன் என்று அர்த்தம். நானும் எட்டிப் பார்த்தேன். குலுக்கலிலும் பயத்திலும் மீன் வெள்ளைச் சீலை மாதிரி வெளிறிக் கிடந்தது. வளாகத்துக்குப் போனதும் அதை வாளியில் விட்டு, மரநிழலில் வைத்து, பயம் தெளிந்து கறுக்கும்வரை காத்திருப்போம். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். எனக்கும் கொஞ்ச நேரம் தேவைப்படும்.

திறப்பு முரட்டுச் சாமான். மதுசாரத்தில் கரைத்து வைத்தால் இலேசில் பழுதாகாது. பூட்டு அப்படியல்ல. கரைத்து, சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து, கடுங்குளிரில் உறையவைக்க வேண்டும். போத்தல் வந்த கிழமையே அவள் முறைப்படி அப்படித்தான் செய்தாள். அப்போது வளாகத்தில் ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருந்தது. பிரிட்ஜின் மேல்தட்டில் ஐஸ் பிடித்திருந்தது. கரைத்ததில் ஒரு பிழையும் இல்லை. எந்த நாட்டில் எந்த ஆய்வுகூடத்தில் கேட்டாலும் அப்படித்தான் செய்யச் சொல்வார்கள். பிறகுதான் டீசல் வருவது நின்றது, ஜெனரேற்றரும் பிரிட்ஜும் நின்றன.

நான் மீன்காரரிடம் மீனோடு ஐசும் கேட்கத் தொடங்கினேன். அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன புள்ள, மீன் உயிரோட வேணுமெண்டுறீங்க. மறுகா ஐசும் கேக்குறீங்க. ஐசுக்க போட்டா உயிர் நிக்குமா?"

"ஐஸ் மீனுக்கில்ல, மருந்துக்கு."

"மீனுக்கு மருந்தும் குடுக்கிறீங்களா? அப்ப கறி என்னெண்டு ருசிக்கும்?"

அவருக்கு நாங்கள் அந்த மீனைச் சமைப்பதில்லை என்பதைக் கடைசிவரை நம்பவைக்க முடியவில்லை. ஐசை வாய் அகன்ற பிளாஸ்கில் போட்டு, உப்புத் தூவி, குழாய்களைப் புதைத்து, பிளாஸ்கை உமி நிரப்பிய பெட்டிக்குள் வைப்போம். பின்னேரத்தில் தொட்டுப் பார்த்தால் ஜில்லென்றிருக்கும். அந்த ஜில்லிப்பை நம்பினோம். கை குளிர்ந்தால் மருந்துக்கும் குளிரும் என்பது எங்கள் எண்ணம்.

ஆனால் நாங்கள் பரிசோதனையை உடனே செய்யவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் எல்லோருக்கும் ஒரு நோய் இருந்தது. நல்ல சாமானைப் பாவிக்க மனம் வராது. வாசச் சவர்க்காரத்தைச் சட்டைகளுக்கு நடுவில் மடித்து வைப்போம். ரோச் பற்றரியை வெயிலில் காயவைத்து மறுபடியும் போடுவோம், புதியது பெட்டியில் கிடக்கும். எதற்கென்று கேட்டால், பிரச்சினை முடியட்டும் என்போம். போருக்கு எங்கள் ஊரில் பிரச்சினை என்றுதான் பெயர். ஏதோ சகோதரங்களுக்குள் நடந்த மனத்தாங்கல் போல.

"இப்ப தொட்டு வீணாக்கக்கூடாது. முதல்ல கையப் பழக்குவம். நிலைமை கொஞ்சம் சீராகட்டும்" என்றாள் அவள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கையைப் பழக்க மலிந்த சாமான்களைப் பிடித்தோம். கோப்பியில் இருக்கும் கபேனும் திறப்பைப் போல ஒரு வேலை செய்யும். சீனி போடாத கோப்பித் தண்ணீரை வடித்து, இன்னும் தண்ணீர் கலந்து ஐதாக்கி, செதிலில் விட்டோம். கறுத்தது. எங்கள் அப்பாவுக்கு முட்டு வருத்தம், மூச்சிரைப்பு. அவர் போடும் குளிசையும் அதே குடும்பத்து மருந்துதான். ஒரு பாதியைக் கேட்டேன். அப்பா குளிசையை உடைத்து என் கையில் வைத்துவிட்டு, "மீனுக்கும் முட்டா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் வேலையால் வரும்போதெல்லாம், "இண்டைக்கு உன்ர மீனுக்கு மூச்சு எப்பிடி?" என்று விசாரிப்பார். குளிசை கிடைக்காத நாட்களிலும் விசாரித்தார்.

அவளுடைய கை பழகியது. எப்படிப் பழகியது! கலங்கள் சுருங்குவதையும் விரிவதையும் தாளில் பென்சிலால் படமாகக் கீறி எடுப்பாள். கீறியதையும் பிறகு கமராவில் பிடித்த படத்தையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று தெரியாது. வளாகம் கிழமைக்கணக்கில் மூடிக் கிடந்த நாட்களில் பெட்டியை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருப்பேன், அவள் அங்கே வந்து, பிளாஸ்கைத் திறந்து பார்த்துவிட்டு, ஐஸ் மாற்றிவிட்டுப் போவாள். நேர் பாதை பூட்டிய நாளில் வாவியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். பூட்டு உருகி உறைந்து, உருகி உறைந்து, எங்கள் கண்முன்னாலேயே செத்துக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கு நிறமும் மாறவில்லை, மணமும் மாறவில்லை. செத்த மருந்தும் உயிருள்ள மருந்தும் ஒரே தெளிந்த தண்ணீர்தான்.

கடைசியில் நிலைமை சீராகவில்லை. வருடம் முடியப்போகிறது என்பதால் செய்யவேண்டியதாயிற்று. நல்ல வெயில் அடித்த ஒரு காலை. கமராவில் பிலிம் போட்டு, இரண்டு கண்ணாடித் தட்டுகளில் இரண்டு செதில்களை வைத்தாள். இரண்டிலும் அட்ரினலின் விட்டாள். இரண்டும் புள்ளி புள்ளியாகச் சுருண்டன. ஒன்றில் பூட்டைப் போட்டுக் காத்திருந்தாள். பிறகு இரண்டிலும் திறப்பை விட்டாள். பூட்டுப் போடாதது கறுத்தது. எதிர்பார்த்ததுதான். தட்டை மாற்றி மற்றதைப் பார்த்தாள்.

அவள் நெடுநேரம் நிமிரவில்லை.

"என்ன?" என்றேன்.

"இதுவும் கறுக்குது."

"வடிவாப் பார்."

"பாத்துக்கொண்டுதான் இருக்கன். பூட்டுப் போட்டிருக்கு. ஆனாலும் கறுக்குது." நிமிர்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "விளங்குதா கா? பாதையப் பூட்டினா இதுவும் சுத்திப் போகுது! எங்கட வாவி மீனுக்கு வேற வழி இருக்கு!"

நான் கத்தியே விட்டேன். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். ஒரு நொடிகூட எங்களில் ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை. இன்று நினைக்கும்போது எனக்குப் பொறுக்காதது இதுதான். கரண்ட் போகாத, பாதை பூட்டாத ஊர் ஒன்றில் இருந்திருந்தால், முதலில் மருந்தைத்தான் சந்தேகித்திருப்போம். எங்களுக்கோ பாதையைப் பூட்டினால் சுற்றிப் போவது மூச்சு விடுவது போல. அன்று காலைகூட நான் வரம்பால் சுற்றித்தான் வந்திருந்தேன். மீன் மட்டும் ஏன் பூட்டின இடத்தில் நின்றுகொண்டிருக்கப்போகிறது? கன்ரீனில் பணிசும் வெறுந்தேத்தண்ணியும் வாங்கிக் கொண்டாடினோம். அவள் அன்று கதைத்ததைப் போல வேறெந்த நாளும் கதைத்ததில்லை. அந்த வேறு வழி எதுவாக இருக்கும், அதைப் பிடிக்க இன்னும் என்னென்ன மருந்து வேண்டும், அங்கே போய் முதல் வருடத்தில் எதைச் செய்வது என்றெல்லாம் மேசையில் விரலால் கீறிக் கீறிக் காட்டினாள்.

மீதமிருந்த குழாய்களைக்கொண்டு மறுபடியும் செய்தாள். ஒவ்வொரு தடவையும் கறுத்தது. ஒரே பொய் திரும்பத் திரும்ப வந்தால் அது உண்மை போலத்தான் இருக்கும். படங்களோடு எழுதித் தபாலில் அனுப்பினாள்.

நெடுநாளுக்குப் பிறகு, சேரைத் தொலைபேசியில் கூப்பிடச் சொல்லி ஒருவர் மூலம் செய்தி வந்தது. மட்டக்களப்பு டவுனில் இருந்த கொமினிகேசன் கடைக்கு இருவரும் போனோம். வெளிநாட்டுக்குக் கதைக்க வந்த சனம் வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. அவள் கண்ணாடி அறைக்குள் போனாள். சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு போனாள், சேர் பார்க்கப்போகிறார் என்பது போல. நான் கதவோரம் நின்றேன். அவள் சொன்னது மட்டும் கேட்டது.

"ஓம் சேர்... ஓம் சேர், எல்லாத் தரமும் கறுத்தது... குளிருக்கதான் வைச்சிருந்த நாங்க சேர்."

பிறகு ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"இல்ல சேர். கரண்ட் இல்ல. ஐஸ்."

வெளியே வந்தவள், "வா போவம், பாதை பூட்டப்போறான்" என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸில்தான் மிச்சத்தைச் சொன்னாள். சேர் கோபிக்கவில்லையாம். படங்களைப் புகழ்ந்தாராம். இவ்வளவு துப்புரவான வேலையைத் தன் மாணவர்களிடமே காணவில்லை என்றாராம். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். மருந்து உயிரோடு இருந்தது என்று எப்படித் தெரியும்? மீனுக்கு வேறு வழி இருந்தாலும் செதில் கறுக்கும். பூட்டுச் செத்துப் போயிருந்தாலும் செதில் கறுக்கும். இரண்டுக்கும் ஒரே படம்தானே பிள்ளை என்றாராம்.

"ஒரே படம்தான் கா" என்று அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் ஏன் அத யோசிக்கல்ல?"

நானும் யோசிக்கவில்லையே என்றேன். அது அவளுக்கு ஆறுதலாக இருக்கவில்லை. அவளுடைய கண்ணை நம்பித்தானே நான் இருந்தேன்.

சேர் புதிய பூட்டு ஒன்று அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். சொன்னபடி அனுப்பினார். அது கொழும்பு வரை வந்தது. அங்கே தெரிந்த ஒருவருடைய வீட்டுப் பிரிட்ஜில் வைத்திருப்பதாகத் தகவலும் வந்தது. அந்த மாதங்களில் கொழும்புப் பாதை திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தது. வருகிறேன் என்றவர் வரவில்லை. இன்னொருவர், தெரியாத தூளைக் கையில் எடுத்துக்கொண்டு சென்றியெல்லாம் தாண்டிவரப் பயப்பட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது. போய் எடுத்துவருகிறேன் என்று அவள் நின்றாள். தாய் வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டாள். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே படுத்தாள். பெண்பிள்ளை தனியே கொழும்புக்குப் போய்ப் பிடிபட்டால் யாரைக் கேட்பது என்ற அந்தத் தாயின் கேள்வியும் நியாயம்தான். வருடம் முடிந்தது. சேரின் பல்கலைக்கழகத்தில் அந்த இடம் வேறு யாருக்கோ போயிற்று. அவள் வாக்குக் கொடுத்தபடி மணவறையில் குந்தினாள்.

மாப்பிள்ளை நல்ல மனிதர். வயல்வட்டையில் காணி இருந்தது. அவளைக் கண்கலங்காமல் வைத்திருந்தார், இன்றும் வைத்திருக்கிறார். அவள் வளாகத்தை விட்டுவிட்டுப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தாள். பிள்ளைகள் பிறந்தார்கள். நான் போனால் பிள்ளைகளைப் பற்றிக் கதைப்பாள், வயலைப் பற்றிக் கதைப்பாள். ஒருமுறை நான் யப்பான் மீன் பேச்சை எடுத்தேன். "அதெல்லாம் விடு கா" என்று சோற்றைப் போட்டுத் தந்தாள். யார்மீதும் அவளுக்குக் கோபம் இருக்கவில்லை. எனக்குத்தான் இருந்தது, இருக்கிறது.

இப்போது கூட்டங்களில் என்னை மேடையேற்றி, கரண்ட் இல்லாமல், சூரிய வெளிச்சத்தில் ஆராய்ச்சி செய்தவர்கள் என்று மாலை போடுகிறார்கள். எரிச்சல் வரும். வசதியில்லாமலே சாதிக்கலாம் என்று இளம்பிள்ளைகளுக்குச் சொல்வது பச்சைப் பொய். சூரிய வெளிச்சத்தில் செதிலைப் பார்க்கலாம், மருந்தை உறையவைக்க முடியாது. எங்களிடம் அறிவு இருந்தது, கை இருந்தது, அவளுடைய கண் இருந்தது. ஒரு பிரிட்ஜ் இருக்கவில்லை. அவ்வளவுதான் கதை.

பிரச்சினை முடிந்து சில வருடங்களின் பின் எங்கள் ஆய்வுகூடத்துக்கு நல்ல உறைபெட்டி ஒன்று வந்தது. அதன் உறுமல் மற்றவர்களுக்குத் தலையிடி, எனக்குத் தாலாட்டு. அதே பரிசோதனை இரண்டாம் வருட மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பாகிவிட்டது. தேநீர் குடித்து வருவதற்குள் முடித்துவிடுகிறார்கள். பாதிப்பேர் கொட்டாவி விட்டுக்கொண்டு செய்கிறார்கள்.

ஒருநாள் அவள் வளாகத்துக்கு வந்தாள். மகளுக்கு அனுமதி கிடைத்து, பதிவு செய்யக் கூட்டி வந்திருந்தாள். மகள் வரிசையில் நிற்கும்போது அவளை நான் ஆய்வுகூடத்துக்குள் இழுத்துக்கொண்டு போனேன். அன்று செய்முறை வகுப்பு இருந்தது. எதற்கென்று அவள் கேட்கவில்லை. நான் இரண்டு செதில்களை வைத்தேன். இரண்டிலும் அட்ரினலின் விட்டேன். ஒன்றில் பூட்டைப் போட்டுக் காத்திருந்து, பிறகு இரண்டிலும் திறப்பை விட்டேன். முதலில் பூட்டுப் போடாததைக் காட்டினேன். "கறுக்குது" என்றாள். மற்றதை வைத்தேன்.

அவள் குனிந்தாள். கை தானாக நுணுக்குக்காட்டியின் அடியில் கண்ணாடியைத் தேடிப் போயிற்று. இப்போது கண்ணாடி இல்லை, உள்ளேயே விளக்கு இருக்கிறது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மாணவர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அன்றுபோலவே நெடுநேரம் நிமிரவில்லை.

"நிக்குது" என்றாள்.

"ஓம்."

"கொஞ்சமும் அசையல்ல. புள்ளி புள்ளியா அப்பிடியே நிக்குது."

"இது புதுப் பூட்டு. பழுதாகாதது."

கண்ணை எடுக்காமலே கேட்டாள். "அப்ப வேற வழி ஒண்டும் இருக்கல்ல, என்ன?"

மீனைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "ஒண்டும் இருக்கல்ல புள்ள" என்று சொல்லிவிட்டேன். அவள் மெதுவாகத் தலையாட்டினாள். எழும்பி, கதிரையை மேசைக்குள் தள்ளிவைத்துவிட்டு, மகள் நின்ற பக்கம் போனாள். அந்த நடையைப் பார்த்தபிறகுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. கூப்பிடுவதற்குள் அவள் கதவைத் தாண்டிவிட்டாள். மீனுக்குத்தான் வேறு வழி இருக்கவில்லை. அவளுக்கு இருந்தது. கொழும்பில் யாரோ ஒருவர் வீட்டில், கரண்ட் போகாத ஒரு பிரிட்ஜுக்குள் இருந்தது.